யாரும் இடிக்காமலேயே முட்டி கிழிவது எப்படி?

கூடைப்பந்து ஆடும்போது ஒருத்தருக்கு முட்டி போச்சுன்னா, யாரோ வந்து மோதியிருப்பாங்க என்றுதானே நினைப்போம்? பல நேரம் அப்படி இல்லை. அமெரிக்காவில் அதையே தொழிலாக ஆடும் பெரிய வீரர்களுக்குக்கூட, யாரும் தொடாதபோதே முட்டி கிழிகிறது.

டெரிக் ரோஸ் என்று ஒரு வீரர். சிகாகோ புல்ஸ் அணி. 2011-ல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 22தான். 2012 ஏப்ரல் 28 அன்று பிலடெல்பியா அணியோடு ஆட்டம். முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை, சிகாகோ 12 புள்ளி முன்னால் இருந்தது. பந்தோடு வேகமாக வந்தவர் காலை ஊன்றி டக்கென்று நின்று எம்பினார். அவ்வளவுதான், இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. ஜெயிக்கிற ஆட்டத்தில் அவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்று பயிற்சியாளரைக் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் நிமிடத்திலும் இதே மாதிரி ஆகியிருக்கலாம்.

ஏன் என்றால், முட்டிக்குள்ளே பாருங்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம் அது. ரெண்டையும் இழுத்துக் கட்டியிருப்பது தசைநார். நம்ம ஊரில் ஜவ்வு என்பார்களே, அதுதான். நடுவில் ரெண்டு தசைநார் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும். அதில் முன்பக்கத் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முட்டி திருகாமலும் பிடித்துக்கொள்கிறது. நீளம் ஏறக்குறைய 3 செ.மீ.தான்! ஆனால் குதித்து இறங்கும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் வந்து விழும்.

முட்டியை மடக்கி இறங்கினால் தொடைத் தசையும் பின்தொடைத் தசையும் அந்த விசையை வாங்கிக்கொள்ளும். காலை விறைப்பாக நீட்டி இறங்கினால்? ஷூ தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பாதம் அசையாது, மேலே உடம்பு மட்டும் திரும்பும். முட்டி உள்பக்கமாகச் சாயும். முன்தொடைத் தசை வேறு கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். எல்லாம் சேர்ந்து அந்த 3 செ.மீ. மேல் விழ, ‘டப்’ என்று கிழிந்துவிடும். கால் தரையில் பட்டு பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் மூளை யோசித்துத் திருத்தவே முடியாது. இறங்கும் பழக்கம் முன்னாடியே காலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தசைநார் கிழிந்தாலும் சிலர் நடப்பார்கள்! கிளே தாம்சன் 2019 ஜூன் 13 இறுதிச் சுற்று ஆட்டத்தில், எதிரணி வீரர் மோதியதால் அந்தரத்தில் நிலை தவறி இறங்கி, இடது முட்டித் தசைநார் கிழிந்தது. உள்ளே போனவர் திரும்பி நடந்து வந்து ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். ரெண்டும் கூடையில் விழுந்தது. ஆகவே “நடக்கிறாளே, ஒண்ணுமில்ல” என்று யாரையும் மறுபடி ஆட விடாதீர்கள். சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுந்த இந்தத் தசைநார் பெரும்பாலும் தானாக ஒட்டாது. உடம்பின் வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைத்து அறுவை சிகிச்சை செய்வார்கள். மறுபடி ஆட 9 மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

தோழிகளே, இது நமக்கு. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தசைநார் கிழிவது ரெண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்று இல்லை, பல. முட்டியை அதிகம் மடக்காமல் இறங்குவதும், முன்தொடையை விடப் பின்தொடை பலம் குறைவாக இருப்பதும் அதில் சேரும். உடனே “அதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைங்க குதிக்கக் கூடாது” என்று யாராவது சொல்வார்கள். இறங்குவதற்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த பெண்கள் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் பணம் வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகக் குதித்து இறங்குங்கள். முட்டி கால் விரல்களுக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். சத்தம் கேட்கவே கூடாது, பூனை மாதிரி. (நான் குதித்தால் அம்மா அடுப்படியிலிருந்து “என்னடி விழுந்துச்சு?” என்கிறார்கள்.)

சூ பேர்ட் என்ற வீராங்கனைக்கு 1998-ல், கல்லூரி முதல் வருடத்திலேயே இதே தசைநார் கிழிந்தது. அதன்பின் ஒலிம்பிக்கில் 5 தங்கம் வாங்கினார். 2022 வரை ஆடினார், அப்போது அவருக்கு வயது 41.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி