குழவிப் பருவ வளர்ச்சியும் மிகைப் பருமனும்

நம் நாட்டில் ஒரு குழந்தையைக் காணச் செல்லும் உறவினர் முதலில் நோக்குவது அதன் கன்னத்தையும் தொடையையுமே. அவை திரண்டு உருண்டிருப்பின், "பிள்ளை நல்ல வளர்த்தி" என்று மகிழ்வர், அன்றேல், "தாய் ஒன்றும் தீத்துவதில்லையோ?" என்று ஐயுறுவர். பஞ்சமும் கொள்ளைநோயும் அடிக்கடி வந்து சென்ற காலத்தில் இவ்வெண்ணம் பொருத்தமுடையதாயிருந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியா வாட்டியபோது, உடலிற் சேமிப்பில்லாத மெலிந்த பிள்ளைகளே முதலிற் பலியாயினர். ஆயினும், காலம் மாறிய பின்னரும் பழைய அளவுகோலைக் கைவிடாதிருப்பது அறிவுடைமையாகாது. கொழுத்தல் வேறு, வளர்தல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வளர்ச்சியின் இயல்பு

ஒரு பிள்ளையின் உயரத்தைப் பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை தொடர்ந்து அளந்து குறித்தவருள் முதல்வர், பிரான்சு தேசத்து மொன்பேயார் என்பவர். 1759 இற் பிறந்த தம் மகனை அவர் 1777 வரை அளந்து வைத்த குறிப்பை இயற்கை நூலறிஞர் புபோன் வெளியிட்டார். அவ்வளவைகள் உணர்த்திய உண்மை இன்றும் மாறவில்லை. மனிதன் எல்லா வயதிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பிறந்தபின் மிக விரைவாக வளர்ந்து, பின்னர் படிப்படியாக வேகந் தணிகின்றான்.

பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள குழவி, முதலாண்டில் 25 சென்ரிமீற்றரும், இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றரும் வளரும். பின்னர் ஆண்டுக்கு ஏழெட்டுச் சென்ரிமீற்றரே வளரும். பிறப்பு நிறை நான்கைந்து மாதங்களில் இருமடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். இரண்டாம் ஆண்டில் இவ்வேகம் குறைய, பசியும் அதற்கேற்பக் குறைகின்றது. "முன்னர் நன்றாக உண்ட பிள்ளை இப்போது உண்ண மறுக்கின்றதே" என்று அன்னையர் கலங்கும் காலம் இதுவே. உண்மையில் இது நோயன்று, இயற்கையின் கணக்காகும்.

கொழுப்பின் போக்கு இன்னும் விந்தையானது. முதலாண்டிற் குழந்தை பருத்துக் காணப்படும். நடக்கத் தொடங்கியபின் நீண்டு மெலியும். ஐந்து அல்லது ஆறு வயதளவில் மிக மெலிந்த நிலையை அடையும். அதன்பின்னரே மீண்டும் கொழுப்பு ஏறும். இம்மீளேற்றத்தைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் ரொலான் கஷேராவும் அவர்தம் கூட்டாளரும் 1984 இல் விளக்கினர். இது உரிய வயதுக்கு முந்தி, மூன்று நான்கு வயதிலேயே தொடங்கும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மிகைப் பருமன் உண்டாகும் வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிபு. நான்கு வயதுப் பிள்ளையின் விலா எலும்பு சற்றே தெரிகின்றதெனப் பதறி உணவைத் திணிப்போர், இயல்பாக மெலியவேண்டிய பருவத்திற் பிள்ளையை மெலியவிடாது தடுக்கின்றனர் என்க.

2. அளந்தறியும் முறை

கண்ணால் மதிப்பிடுதல் பிழைபடும். ஆகலின் அளவை வேண்டும். நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி. இவ்விகிதத்தைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெற்றலே 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கண்டார். இதற்கு இன்றைய பெயரை 1972 இல் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ் இட்டார்.

வளர்ந்தோருக்கு ஒரே எல்லை போதும். பிள்ளைக்கோ வயதுக்கு வயது எல்லை மாறும். இதன்பொருட்டு உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வளர்ச்சி நியமங்களை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலுண்டு நல்ல சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து அவை வகுக்கப்பட்டன. நல்ல பேணல் கிடைப்பின் எந்நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஒரே வகையாக வளரும் என்பது அதனாற் பெறப்பட்டது.

ஓர் உதாரணம் காண்போம். நான்கு வயதுச் சிறுவர் இருவர். இருவரும் 100 சென்ரிமீற்றர், அதாவது 1 மீற்றர் உயரமுடையர். ஒருவன் நிறை 15.5 கிலோகிராம், மற்றவன் நிறை 19 கிலோகிராம். ஒன்றின் வர்க்கம் ஒன்றேயாதலின் அவர்தம் சுட்டிகளும் முறையே 15.5, 19 ஆகும். இவ்வயதுச் சிறுவரின் இடையம் ஏறத்தாழ 15.3. இரண்டு நியம விலகல் மேலேயுள்ள எல்லை ஏறத்தாழ 18.2, மூன்று நியம விலகல் மேலேயுள்ளது ஏறத்தாழ 19.9. ஐந்து வயதுக்குட்பட்டோரில் முதலெல்லையைக் கடந்தவர் அதிக நிறையர் எனவும், அடுத்த எல்லையைக் கடந்தவர் மிகைப் பருமனர் எனவும் கொள்ளப்படுவர். ஆகவே அயலார் "மெலிவு" என்று இரங்கும் முதற் சிறுவன் முற்றிலும் செம்மையான நிலையில் உள்ளான். "நல்ல வளர்த்தி" என்று புகழப்படும் இரண்டாமவனோ அதிக நிறையன்.

எனினும், ஒருமுறை அளந்த ஓர் எண்ணைக்கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பதிவேட்டில் மாதந்தோறும் குறிக்கப்படும் புள்ளிகளை இணைக்கும் கோடு எத்திசையிற் செல்கின்றது என்பதே முக்கியம். உயரம் தன் பாதையிற் செல்ல, நிறை மட்டும் கோடுகளைக் கடந்து மேலேறுமாயின் அஃது எச்சரிக்கையாகும்.

3. காரணங்கள்

வித்து கருப்பையிலேயே இடப்படுகின்றது. 1944, 1945 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், போரின் காரணமாக ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடும் பஞ்சம் நிலவியது. அக்காலத்திற் கருவிலிருந்தோர் பத்தொன்பது வயதிற் படைச்சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 1976 இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. கர்ப்பத்தின் முற்பாதியிற் பட்டினியுற்ற தாயரின் மைந்தரிடையே மிகைப் பருமன் மிகுந்திருந்தது. கர்ப்பத்தின் இறுதியிலும் பிறந்த அண்மையிலும் பட்டினியுற்றோரிடையே அது குறைந்திருந்தது. ஆகவே உண்ட அளவு மட்டுமன்றி, உண்ணப்பெறாத காலமும் உடலிற் பதிந்துவிடுகின்றது.

நமக்கு இன்னும் அண்மையானதொரு சான்றுண்டு. இந்தியாவிற் புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் அவர்தம் கூட்டாளரும், அப்பகுதிக் குழவிகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் குழவிகளோடு ஒப்பிட்டு 2003 இல் எழுதினர். சவுதாம்ப்ரனிற் சராசரிப் பிறப்பு நிறை 3.5 கிலோகிராம், புனேயில் 2.7 மாத்திரமே. ஆயினும் அச்சிறு குழவிகளிடம் குறைந்திருந்தது பெரிதும் தசையும் உள்ளுறுப்பும். தோலின்கீழ்க் கொழுப்போ அத்துணை குறையவில்லை. சிறிதாய்ப் பிறந்த குழவியை விரைந்து பெருக்கவைக்க வேண்டுமென இனிப்பும் மாவும் மிகுத்து ஊட்டினால் உயரமும் தசையும் வளரா, கொழுப்பே ஏறும். தென்னாசியரிடை நீரிழிவு இளவயதிலேயே தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுவர்.

இனி, ஊட்டும் முறை. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920 களின் பிற்பகுதி முதல், பாலூட்டல் மறந்த 15 குழந்தைகளுக்குப் பலவகை உணவுகளைத் தட்டில் வைத்து, அவர்கள் விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. குழந்தைகள் ஒருவேளை மிகுந்தும் ஒருவேளை குறைந்தும் உண்டனர். ஆயினும் எல்லோரும் நன்கு வளர்ந்தனர். இதில் ஒரு நுட்பமுண்டு. தட்டிலிருந்தவை யாவும் இயற்கையுணவுகள். சீனியும் தகரத்திலடைத்த பண்டமும் இல்லை. குழந்தையிடம் பசியின் அளவுகோல் இயல்பாகவே உண்டு. திணித்தலும் இனிப்பும் அதனைக் கெடுக்கின்றன.

4. இருமுனைத் துன்பம்

2016 இல் இலங்கையில் நடைபெற்ற குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். அதிக நிறையர் 2 பேரே. உலக முழுவதிலும் 2022 இல் அதிக நிறையுள்ள சிறுவர் 3 கோடியே 70 இலட்சம் பேர். எனவே நம் நாட்டில் மெலிவே இன்னும் பெரிய துன்பம். பருமனுக்கு அஞ்சி ஒருவரும் குழந்தையின் உணவைக் குறைத்தலாகாது. பருத்த சிறு பிள்ளையையும் பட்டினியிடல் தவறு. நிறையேற்றத்தை நிதானப்படுத்தினாற் போதும், உயரம் வளர்ந்து அதனைச் சமன்செய்யும். மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் வேண்டுவது ஒன்றே: நல்லுணவு.

5. செய்யத்தக்கன

முதலாறு மாதம் தாய்ப்பால் மட்டும் ஊட்டுக. அதன்பின், தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடர்ந்துகொண்டே, குழைத்த சோறு, பயறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் என்பவற்றை ஒவ்வொன்றாய்ச் சேர்க்க. முதற்பல் கண்டதும் கொழுக்கட்டை அவிக்கும் நம் மரபு, பயறும் தேங்காயும் சேர்ந்த நல்லுணவையே நினைவூட்டுகின்றது. இரண்டு வயதுக்குள் சீனி சேர்த்தல் வேண்டா. மென்பானம் எவ்வயதுப் பிள்ளைக்கும் வேண்டா. எவ்வுணவு, எவ்வேளை என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க. எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். அழுகையை அடக்கப் பிசுக்கோத்துக் கொடுப்பதும், திரைப்படங் காட்டி வாயில் ஊட்டுவதும் பசியையும் நிறைவையும் மறக்கச் செய்யும்.

2019 இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தவாறு, ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமேனும் ஓடியாடவேண்டும். மூன்று நான்கு வயதினர்க்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோர் திரை காணலாகாது. அதன்மேல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று பேரன் பேர்த்திகளைக் கண்டவர்; மாணவரோ நாளைய தந்தையர். பேரனைக் காணப் போகும்போது பால்மாப் பேணியும் இனிப்புப் பெட்டியும் கொண்டுசெல்லும் கை, இனி ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பந்தும் கொண்டுசெல்லட்டும். கன்னத்தைக் கிள்ளிப் பார்க்குமுன் பதிவேட்டைத் திறந்து கோட்டைப் பார்க்கட்டும். பிள்ளையின் நலம் அங்கே எழுதப்பட்டிருக்கின்றது.