போர்முனைக்கு அப்பால்: அமெரிக்க மக்களின் போர்க்கால வாழ்வு



போர் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்கப்பலும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், ஒரு வீரன் களத்தில் நிற்க வேண்டுமாயின் அவனுக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், காலணி வேண்டும், ஆயுதம் வேண்டும். இவற்றை விளைவிப்போரும் செய்வோரும் களத்திற்கு அப்பால் வாழும் பொதுமக்களே ஆவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் தம் இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு உழைத்தனர் என்பதை இப்பாடத்தில் காண்போம். நம் நாட்டுப் பால்மரங்களுக்கும் அவ்வரலாற்றிற்கும் உள்ள தொடர்பையும் அறிவோம்.

போர் மூண்ட விதம்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாளே அமெரிக்கா ஜப்பான்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. ஏறக்குறைய அதே வேளையில் ஜப்பானியப் படையினர் கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் வந்திறங்கினர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

போர் முடிவதற்குள் சுமார் 1 கோடியே 60 இலட்சம் அமெரிக்கர் படைகளில் பணியாற்றினர். அவர்கள் விட்டுச் சென்ற வேலைகளை யார் செய்வது? அவர்களுக்கு வேண்டிய பொருள்களை எங்கிருந்து பெறுவது? இவ்விரு வினாக்களே அந்நாட்டு மக்களின் வாழ்க்கையை மாற்றி அமைத்தன.

இரப்பர்ப் பஞ்சம்

அக்காலத்தில் அமெரிக்கா பயன்படுத்திய இயற்கை இரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்தே சென்றது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால், அமெரிக்கக் கார்களுக்கு டயராக உருண்டோடியது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது.

ஆகவே, 1942 ஜனவரியில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் டயரே ஆகும். பின்னர்ப் பெட்ரோலும் பங்கிடப்பட்டது. அமெரிக்காவிலோ எண்ணெய்க் கிணறுகள் நிறைய இருந்தன. அவ்வாறிருக்கப் பெட்ரோலைப் பங்கிட்டது ஏன்? பெட்ரோல் குறைந்தால் வண்டி ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் டயர் தேயாது. இதுவே முதன்மையான காரணம். சாதாரண மக்களின் கார் ஒன்றிற்கு வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு காலன் பெட்ரோலே கிடைத்தது. மணிக்கு 35 மைல் வேகத்திற்கு மேல் செல்லலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

1942 ஜூன் மாதத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் பழைய இரப்பர்ப் பொருள்களைத் தருமாறு மக்களை வேண்டினார். பழைய டயர், தோட்டக் குழாய், மழைச்சட்டை, காலணி, வெந்நீர்ப்பை முதலானவற்றை மக்கள் பெட்ரோல் நிலையங்களில் கொண்டுவந்து குவித்தனர். இறாத்தலுக்கு ஒரு காசு வழங்கப்பட்டது. நான்கு வாரங்களுக்குள் சுமார் 4 இலட்சத்து 50 ஆயிரம் டன் சேர்ந்தது.

ஆயினும், பழைய இரப்பர் எல்லாத் தேவைக்கும் ஏற்றதாக இல்லை. எனவே, பெட்ரோலியத்திலிருந்தும், தானியத்திலிருந்து எடுக்கப்படும் சாராயத்திலிருந்தும் செயற்கை இரப்பர் செய்யும் ஆலைகளை அமெரிக்க அரசாங்கம் விரைந்து அமைத்தது. 1945-ஆம் ஆண்டில் அவ்வாலைகள் சுமார் 8 இலட்சம் டன் உற்பத்தி செய்தன. போருக்குப் பின்னர் நம் தோட்ட இரப்பருக்குப் பெரும் போட்டியாக விளங்கியதும் இந்தச் செயற்கை இரப்பரே.

பங்கீட்டு முறை

ஒரு பொருள் குறைந்தால் அதன் விலை ஏறும். விலை ஏறினால் செல்வர் வாங்குவர், ஏழையர் ஏங்குவர். இதனைத் தவிர்க்க விலை நிருவாக அலுவலகம் என்னும் அமைப்பு விலைகளுக்கு வரம்பு கட்டியது. பங்கீட்டுப் புத்தகங்களையும் வழங்கியது. கைக்குழந்தைக்கும் ஒரு புத்தகம் உண்டு. கடையில் பணத்தோடு புத்தகத்திலுள்ள வில்லையையும் கிழித்துக் கொடுத்தால்தான் பொருள் கிடைக்கும்.

1942 மே மாதம் முதல் சீனி, ஒருவருக்கு வாரத்திற்கு அரை இறாத்தல் என்னும் அளவில் வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் காப்பித் தூளும் பங்கிடப்பட்டது. ஐந்து வாரங்களுக்கு ஓர் இறாத்தலே கிடைத்தது. 1943-ஆம் ஆண்டில் இறைச்சி, பாலாடைக்கட்டி, டின் உணவு, காலணி ஆகியனவும் பங்கீட்டுக்கு உள்ளாயின.

எல்லாரும் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்தனர் எனக் கூற இயலாது. கறுப்புச் சந்தையில் மறைவாக விற்றோரும் வாங்கினோரும் இருந்தனர். எனினும், பெரும்பாலோர் ஏற்று நடந்தமையால்தான் அம்முறை நிலைத்தது. சீனிப் பங்கீடு போர் முடிந்த பின்னரும் 1947 ஜூன் வரை நீடித்தது.

வெற்றித் தோட்டங்கள்

டின் உணவு போர்முனைக்குச் சென்றது. ஆகவே, மக்கள் வீட்டு முற்றங்களிலும் பள்ளித் திடல்களிலும் நகரப் பூங்காக்களிலும் காய்கறி பயிரிட்டனர். இவற்றிற்கு 'வெற்றித் தோட்டங்கள்' என்று பெயர். வெள்ளை மாளிகையின் புல்தரையிலும் அதிபரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் 1943-ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் அமைக்கச் செய்தார். நாடெங்கும் சுமார் 2 கோடித் தோட்டங்கள் இருந்தன. அந்நாட்டு மக்கள் உண்ட பசுமையான காய்கறிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு இவற்றில் விளைந்தது என மதிப்பிடப்பட்டுள்ளது.

தொழிற்சாலைகளில் பெண்கள்

1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. கார் ஆலைகள் டாங்கிகளையும் விமானங்களையும் செய்யத் தொடங்கின. மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் என்னுமிடத்தில் போர்டு நிறுவனம் அமைத்த ஆலை, 1944-ஆம் ஆண்டில் ஏறத்தாழ மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தைச் செய்து முடித்தது.

ஆடவர் போருக்குச் சென்றமையால் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தனர். போருக்கு முன் சுமார் 1 கோடியே 20 இலட்சமாக இருந்த உழைக்கும் பெண்களின் தொகை, போர்க்காலத்தில் 1 கோடியே 80 இலட்சத்திற்கும் மேல் உயர்ந்தது. அவர்கள் இரும்பைப் பற்றவைத்தனர், ஆணி முடுக்கினர், பாரந்தூக்கிகளை இயக்கினர். 'ரோசி' என்னும் கற்பனைப் பெண் அவர்களின் சின்னமானாள். ஆயினும், ஆடவரைவிடக் குறைந்த ஊதியமே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் அவர்களுள் பலர் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர்.

மாணவர்களின் பங்கு

சிறுவர் சிறுமியர் சும்மா இருக்கவில்லை. பழைய இரும்பு, தகரம், காகிதம் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று சேகரித்தனர். பள்ளியில் 10 காசு, 25 காசு விலையுள்ள சேமிப்பு வில்லைகளை வாங்கி ஏடுகளில் ஒட்டினர். 25 காசு வில்லைகள் 75 சேர்ந்தால் 18 டாலர் 75 காசு ஆகும். அதனைக் கொடுத்துப் பத்து ஆண்டுகளில் 25 டாலர் தரும் போர்க் கடன் பத்திரம் ஒன்றைப் பெறலாம். 'சிறு துளி பெரு வெள்ளம்' அன்றோ?

மற்றொரு செய்தி நமக்கு வியப்பைத் தரும். கடலில் விழும் வீரர்களைக் காக்கும் மிதவைச் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைப்பது அக்கால வழக்கம். அப்பஞ்சு சாவகத் தீவிலிருந்து வந்தது; போரினால் அதுவும் நின்றது. அதற்கு மாற்றாக, நம் எருக்கஞ்செடிக்கு உறவான ஒரு காட்டுச் செடியின் காய்ப் பஞ்சு பயன்படும் எனக் கண்டனர். 1944-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் வயல் ஓரங்களில் அக்காய்களைப் பறித்துச் சாக்குகளில் நிரப்பினர். இரண்டு பைக் காய்கள் ஒரு சட்டைக்குப் போதுமானவை. ஒரு மாணவன் பறித்த காய் முகமறியாத ஒருவனின் உயிரைக் காத்திருக்கக்கூடும்.

நீதி தவறிய செயல்கள்

வரலாற்றைக் கற்கும் நாம் நல்லதை மட்டும் கண்டு அமைதல் கூடாது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் அதிபர் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வமிசத்தவர் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வீடும் நிலமும் கடையும் இழந்து முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். முகாமில் இருந்த குடும்பங்களின் மைந்தர் பலர் அமெரிக்கப் படையிலேயே சேர்ந்து போரிட்டனர். 1988-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்தோருக்குத் தலா 20,000 டாலர் வழங்க முன்வந்தது.

கறுப்பின மக்களுக்கும் ஆலைகளில் வேலை மறுக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப் தலைநகர் நோக்கி மாபெரும் ஊர்வலம் நடத்தப்போவதாக அறிவித்த பின்னரே, 1941 ஜூனில் பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை கூடாதென ஆணை பிறந்தது. அதன் பின்னரும் வேற்றுமை முற்றாக ஒழியவில்லை.

நாம் அறிவது

அமெரிக்க மக்கள் சீனியைக் குறைத்தனர், காப்பியைக் குறைத்தனர். அதே ஆண்டுகளில் நம் முன்னோர் அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் மீளவில்லை. ஒரே பால்மரத்தின் இரு புறத்திலும் போரின் துன்பம் இருந்தது. ஆனால், அது சமமாக இருக்கவில்லை.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. இருப்பதை எல்லாரும் பங்கிட்டுக் கொண்டால் இன்மையைத் தாங்கலாம் என்பது ஒன்று. அச்சம் மிகுந்த காலத்திலும் ஒருவனை அவன் இனத்தைக் கொண்டு பகைவன் எனக் கருதலாகாது என்பது மற்றொன்று. முன்னதைச் செய்த அதே மக்கள் பின்னதை மறந்தனர். நாம் இரண்டையும் நினைவில் கொள்வோமாக.

பயிற்சி வினாக்கள்

1. எண்ணெய் வளம் மிக்க அமெரிக்காவில் பெட்ரோல் பங்கிடப்பட்டதற்குக் காரணம் யாது?
2. விலை வரம்பும் பங்கீடும் ஏழை மக்களுக்கு எவ்வகையில் துணைபுரிந்தன?
3. இலவம் பஞ்சுக்கு மாற்றாகப் பயன்பட்டது எது?
4. உங்கள் பாட்டனார் அல்லது உறவினரிடம் ஜப்பானியர் ஆட்சிக் காலம் பற்றி அவர்கள் கேட்டறிந்தவற்றை வினவி ஒரு பத்தி எழுதுக.