குடியை விட கஞ்சா மருந்தா?

"குடியை விடணும்னா கஞ்சா இழுத்தா போதும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது சரியா? பார்ப்போம்.

மூளையில் உள்ள ஏற்பாடு

கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. 1964இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் கூட இருந்தவர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டும் இடம் 1988இல் தெரியவந்தது. சி.பி.1 என்பது அதன் பெயர். அந்த இடம் கஞ்சாவுக்காக உண்டானதல்ல. நம் மூளையே அதற்குரிய பொருளைச் சுரக்கிறது என்று 1992இல் கண்டார்கள். 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்து அதற்கு ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள்.

ஸ்டோரில் கொழுந்து நிறைஞ்சு போனா, "போதும், மெதுவா அனுப்புங்க" என்று மலைக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அதுதான் இதன் வேலை. ஒரு நரம்புக் கலம் தனக்குச் செய்தி அனுப்பும் கலத்துக்கு "போதும்" என்று திருப்பிச் சொல்கிறது. பசி, வலி, பயம், சந்தோஷம் அளவோடு இருக்க இது உதவுகிறது.

மருந்து தேடிய கதை

சாராயம், சிகரெட், ஹெரோயின் மூன்றுமே மூளையில் டோபமைன் என்ற பொருளைக் கூட்டுகின்றன. அதற்கு சி.பி.1 கைகொடுக்கிறது. அதை அடைத்தால் போதை ஆசை அடங்கும் என்று எண்ணி, ரிமோனபன்ட் என்ற மருந்தை சிகரெட்டை விடுவதற்கும் சோதித்தார்கள். 2006இல் ஐரோப்பாவில் உடல் பருமனைக் குறைக்க அது விற்பனைக்கு வந்தது. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் நிறுத்தினார்கள். கெட்ட ஆசையை அடைக்கப்போய் நல்ல சந்தோஷத்தையும் அடைத்துவிட்டது.

2019இல் அமெரிக்காவில், ஹெரோயினை விட்ட 42 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத சி.பி.டி. என்ற பொருளைக் கொடுத்தபோது ஆசையும் பதற்றமும் குறைந்தன. ஆனால் இது சிறிய ஆய்வு. டாக்டர்கள் அளந்து கொடுத்த மருந்து அது. சுருட்டி இழுக்கும் கஞ்சா அல்ல.

நாம் அறிய வேண்டியது

• தினமும் கஞ்சா இழுத்தால் சி.பி.1 இடங்கள் குறையும். சுமார் நாலு வாரம் விட்டிருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். ஆகவே விட்டவருக்கு நம்பிக்கை உண்டு.

• குடிக்குப் பதில் கஞ்சா என்பது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போல.

• நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். குடியை விட உதவும் மருந்துகள் இன்று உண்டு.

• "ரோஷம் கெட்டவன்" என்று ஏசாதீர்கள். போதைப் பழக்கம் மூளையைப் பிடித்த நோய். நோயாளிக்கு வைத்தியமும் வேணும், வீட்டாளுங்க துணையும் வேணும்.