வாடையும் நோயுற்றதோ? – திருவாய்மொழி 2.1.4 அணி நயம்

நம்மாழ்வார் அருளிச்செய்த திருவாய்மொழியின் இரண்டாம் பத்து, பிரிவாற்றாமையோடு தொடங்குகிறது. முதல் திருவாய்மொழியில் ஆழ்வார் பராங்குச நாயகியாய் நின்று நாரை, அன்றில், கடல், வாடை, மேகம், மதி, இருள், கழி, விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விளித்து வினவுகிறார். நான்காம் பாசுரம் வாடைக்கு உரியது.

அதன் கருத்து இது: குளிர்ந்த வாடையே! கடலிலும் மலையிலும் வானிலும் தேடித் திரிகிறாய். எம்மைப் போலவே இரவும் பகலும் உறங்காதிருக்கிறாய். ஆழி ஏந்திய பெருமானைக் காணும் ஆசையால் நீயும் ஊழிதோறும் உடல் நோயுற்றாயோ?

அடியேன் வணிகவியல் பயின்று வங்கியில் கணக்குப் பார்த்தவன். இப்பாசுரத்தை முதலில் சேவித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. உருவமற்ற காற்றுக்கு நோய் ஏது? இது வெறும் மிகையோ?

அணியிலக்கணம் விடை தருகிறது. இயல்பாக நிகழும் ஒன்றன்மேல் கவி தன் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். காற்று ஓயாது இயங்குவது உண்மை. வடமொழியில் அதற்கு ‘ஸதாகதி’ என்றே ஒரு பெயர் உண்டு. எங்கும் உலவுவதும், வாடை குளிர்ந்திருப்பதும் உண்மையே. ஆழ்வார் இவற்றுள் எதையும் மாற்றவில்லை. காரணத்தை மட்டும் தம் நெஞ்சிலிருந்து தருகிறார். பேரேட்டில் தொகை மாறாதிருக்க, எதிரே எழுதும் விவரம் மாறுவது போன்றது இது.

இப்பாசுரத்தில் உவமையும் உண்டு. தம் துயருக்குக் காற்றை உவமை சொல்லாமல், காற்றுக்குத் தம்மையே உவமையாக்குகிறார். தம் நோயே இங்கு அளவுகோல்.

அகப்பாடல் மரபில் வாடை, பிரிந்தாரை வருத்துவது. நெடுநல்வாடையில் தலைவன் பாசறையில் இருக்க, தலைவி தனித்து வருந்துவதும் அக்கூதிர்க் காலத்தில்தான். அம்மரபின்படி பகையாக வேண்டிய வாடையை ஆழ்வார் நோவவில்லை. தம்மைப் போல் எம்பெருமானைத் தேடும் துணையாகக் கண்டு இரங்குகிறார். தம் துயரின் நடுவே பிறர் துயர் கேட்கும் இத்திருவுள்ளமே இங்குள்ள அணியின் உயிர்.

அடியேனின் இல்லாள் ஆசார்யன் திருவடி அடைந்த ஆண்டு, மார்கழி விடியலில் ஜன்னலை இறுக அடைத்து வைப்பது வழக்கமாயிற்று. வெளியே உலகம் கவலையின்றி இருப்பதாக ஒரு மனக்கசப்பு. ஆழ்வாரின் பிரிவு எம்பெருமானைப் பற்றியது. அடியேனுடையது அதற்கு ஈடாகாது. ஆயினும் இப்பாசுரத்தின் பொருள் விளங்கிய பின், ஜன்னலைத் திறந்து வைத்துச் சேவிக்கிறேன்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.