சுவர் ஏன் உப்புப் பூக்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர்களைக் கூர்ந்து பாருங்கள். தரையை ஒட்டிய பகுதியில் பூச்சு உப்பி நிற்கும். விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிரும். அதன்மேல் பஞ்சுபோல் வெண்மையான ஒரு பொருள் படர்ந்திருக்கும். "சுவர் ஓதம் காக்கிறது, உப்புப் பூத்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள்.

பொங்கலுக்கு முன் கொத்தனாரை அழைத்து, கெட்டுப்போன இடத்தைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பார்கள். சுவர் புதிதுபோல் தோன்றும். ஆனால் அடுத்த மழைக்காலம் முடிந்ததும், சிமெண்டு பூசிய இடத்துக்கு ஒரு சாண் மேலே மறுபடியும் உப்புப் பூக்கும். அங்கும் கொத்திப் பூசுவார்கள். சில ஆண்டுகளில் ஓதம் இடுப்பளவு உயரத்துக்கு வந்துவிடும். இப்படி ஆண்டுதோறும் பணம் செலவாகிறது. சுவரும் கெட்டுக்கொண்டே போகிறது.

நீர் சுவரில் எப்படி ஏறுகிறது, எப்படி வெளியேறுகிறது என்னும் இரண்டையும் அறிந்துகொண்டால் இந்தச் செலவைப் பெரிதும் குறைக்கலாம். அதற்கு உங்கள் பள்ளி இயற்பியலே போதும்.

கூரத்துக் கல்லும் நம் வீட்டுச் செங்கல்லும்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் மிகப் பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கு ஒரு சிவன் கோயிலை எழுப்பினான். தமிழகத்தில் கருங்கல்லைக் கொண்டு கட்டிய மிகப் பழைய கோயில்களுள் இதுவும் ஒன்று. அம்மன்னன் வழங்கிய கூரம் செப்பேடு வடமொழியிலும் தமிழிலும் அமைந்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்கு நீர் வந்த செய்தியை அதில் காண்கிறோம்.

ஏரியும் வயலும் உள்ள ஊரில் மண்ணுக்குள் ஈரம் இருப்பது இயல்பே. அந்த ஈரம் கருங்கல்லையும் தொடுகிறது, செங்கல்லையும் தொடுகிறது. ஆனால் செங்கல் சுவரில்தான் ஓதம் விறுவிறுவென்று ஏறுகிறது. காரணம் என்ன?

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுண்துளைகளில் இருக்கிறது. நல்ல கருங்கல் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. செங்கல் அப்படியன்று. சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே இடங்கொடுக்கிறது. 3 கிலோ எடையுள்ள ஒரு செங்கல் 600 கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடியும் என்பது இதன் பொருள். ஒரு சுவரில் எத்தனை செங்கற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்!

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய இக்கோயிலின் மேற்பகுதி மணற்கல்லால் ஆனது. அடித்தளம் கருங்கல்லால் ஆனது. துளைகள் மிகுந்த மணற்கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே நீர் எளிதில் புகாத கல் இருக்கிறது. இன்று வீடு கட்டுவோர் கடைக்காலுக்கு மேல், சுவர் தொடங்கும் மட்டத்தில், நீர் புகாத ஓர் அடுக்கை அமைக்கிறார்கள். கொத்தனார்கள் இதை டி.பி.சி. என்பார்கள். பழைய வீடுகள் பலவற்றில் இந்த அடுக்கு இல்லை.

நீர் மேல்நோக்கி ஏறுமா?

பள்ளத்தை நோக்கி ஓடும் நீர் சுவரில் மட்டும் எப்படி மேலே ஏறுகிறது? நுண்புழை ஏற்றம் என்று நீங்கள் படித்திருப்பதே இதற்குக் காரணம். மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால், குழாய்க்குள் நீர் வெளிமட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். குழாயின் ஆரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயரமாக நீர் ஏறும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆரம் 1 மி.மீ. ஆனால் நீர் ஏறும் உயரம் ஏறக்குறைய 1.5 செ.மீ. ஆரம் 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ. ஆரம் 0.01 மி.மீ. ஆனால் 150 செ.மீ., அதாவது ஏறத்தாழ 5 அடி! செங்கல்லிலும் காரையிலும் இத்தகைய நுண்புழைகள் எண்ணற்றவை உள்ளன.

அப்படியானால் எல்லாச் சுவர்களிலும் ஈரம் 5 அடி உயரம் ஏற வேண்டுமே? பெரும்பாலான வீடுகளில் அது இரண்டு மூன்று அடியுடன் நின்றுவிடுகிறது. ஏனெனில் சுவர் கீழே நீரை உறிஞ்சும்போதே பக்கங்களில் அது ஆவியாகி வெளியேறுகிறது. உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஓதம் நிற்கிறது. இது வரவுக்கும் செலவுக்கும் உள்ள கணக்குப் போன்றது.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மண்ணிலும் செங்கல்லிலும் மணலிலும் நீரில் கரையும் உப்புகள் சிறிதளவு இருக்கின்றன. ஏறும் நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பை அடைந்ததும் நீர் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாகாது; அங்கேயே படிகமாகத் தங்கிவிடும்.

வெளிப்பரப்பில் தங்கும் உப்பால் பெருந்தீங்கு இல்லை. அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். பூச்சுக்கு உள்ளே, நுண்துளைகளில் வளரும் படிகமே தீங்கு செய்கிறது. அது வளரும்போது துளையின் சுவர்களை அழுத்துகிறது. ஈரமாதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ நிகழ, பூச்சு உப்பிப் பெயர்ந்து விழுகிறது.

செய்து பாருங்கள்: ஒரு தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உப்பு நீர் ஊற்றி, அதில் ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஈரம் எங்குவரை ஏறுகிறது என்று மணிக்கொரு முறை கரித்துண்டால் கோடு போடுங்கள். நீர் குறையும்போது ஊற்றி வாருங்கள். சில நாள்களில் செங்கல்லின் மேற்பகுதியில் உப்புப் பூப்பதைக் காண்பீர்கள். இன்னொரு செங்கல்லின் கீழ்ப்பாதியைச் சுற்றிப் பாலிதீன் தாளை இறுக ஒட்டி, அடிப்பக்கத்தைத் திறந்தபடி விட்டு, அதையும் அவ்வாறே நிறுத்துங்கள். எதில் ஈரம் மேலே ஏறி நிற்கிறது?

சிமெண்டுப் பூச்சு ஏன் பயன் தருவதில்லை?

இரண்டாவது செங்கல் இதற்கு விடை சொல்லும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் கெட்டியான சிமெண்டைப் பூசுவது அந்தப் பாலிதீன் தாளை ஒட்டுவதைப் போன்றது. ஈரம் வெளியேறும் வழி சுருங்குகிறது. மண்ணிலிருந்து வரும் வழியோ திறந்தே இருக்கிறது. வரவு அதே அளவில் இருக்கச் செலவு குறைந்தால் கையிருப்பு கூடுமல்லவா? ஆகவே ஓதம் பூச்சின் எல்லையைத் தாண்டி மேலே ஏறுகிறது. எண்ணெய்ப் பெயிண்டு அடிப்பதாலும் சுவரில் பளபளப்பு ஓடுகள் பதிப்பதாலும் விளைவது இதுவே.

சிமெண்டு தீயது என்று இதற்குப் பொருளன்று. டி.பி.சி. அடுக்குடன் சிமெண்டுக் காரையில் கட்டிய வீட்டுக்குச் சிமெண்டுப் பூச்சு பொருத்தமானது. மண்ணாலோ சுண்ணாம்பாலோ கட்டிய பழைய சுவருக்கு, ஆவியை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. சுண்ணாம்புப் பூச்சும் சில ஆண்டுகளில் உதிரக்கூடும். ஆனால் உதிர்வது பூச்சுதான். உள்ளிருக்கும் செங்கல் தப்பிவிடும்.

முதலில் நோயைக் கண்டறிக

சுவரில் காணும் ஈரமெல்லாம் மண்ணிலிருந்து ஏறியது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கீழ்க்காணும் சோதனைகளை நீங்களே செய்யலாம்.

1. கறையின் வடிவத்தைப் பாருங்கள். கூரையிலிருந்து கீழ்நோக்கி வரும் கறை, மாடியிலோ கைப்பிடிச் சுவரிலோ உள்ள வெடிப்பைக் காட்டும். சுவரின் நடுவே தனித்து வட்டமாக இருக்கும் கறை, உள்ளே செல்லும் நீர்க்குழாயின் கசிவைக் காட்டும். தரையை ஒட்டிப் பட்டைபோல் நீளும் கறையே மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தையோ, தாவாரத் தண்ணீர் தெறிப்பதையோ காட்டும்.

2. ஓர் அடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளிகள் இருந்தால் அது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து படிந்தது. அந்த அறைக்கு வேண்டியது காற்றோட்டம்.

3. வீட்டுத் தரையின் மட்டத்தையும் தெருவின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம் இதற்குப் போதும். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டினுள்ளும் மறு முனையை வெளியிலும் செங்குத்தாகப் பிடியுங்கள். நீர் தன் மட்டத்தைத் தானே அடையும். இரு முனைகளிலும் நீர்மட்டத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அளந்து, வேறுபாட்டைக் காணுங்கள்.

மூன்றாம் சோதனை பலருக்கு வியப்பளிக்கும். கட்டிய காலத்தில் தெருவைவிட உயரமாக இருந்த வீடுகள் பல, இன்று தெருவைவிடத் தாழ்ந்து நிற்கின்றன. பழைய சாலையின்மேலேயே புதிய தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போடவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதற்கு இதுவே காரணம். உங்கள் தெருவின் அளவுகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் முறையிடும்போது, "எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது" என்பதைவிட, "தெரு எங்கள் தரையைவிட 22 செ.மீ. உயரம்" என்பதற்கு வலிமை மிகுதி.

பழுது பார்க்கும் முறை

காரணம் தெரிந்தபின் வேலையை இந்த வரிசையில் செய்யவேண்டும்.

முதலாவது, நீரின் வரவைக் குறையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்துள்ள மண்ணை, உள்தரையைவிட 15 செ.மீ. தாழும்படி அகற்றி, நீர் வெளிப்புறம் ஓடுமாறு சரிவு கொடுங்கள். பாத்திரம் கழுவும் இடமும் மாட்டுக் கொட்டிலும் சுவரை விட்டு விலகியிருக்கட்டும்.

இரண்டாவது, கெட்ட பூச்சை நீக்குங்கள். கறைக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை ஒரு செ.மீ. ஆழம் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். உதிர்ந்த உப்பைக் கூட்டி அள்ளி, வீட்டுக்குத் தொலைவில் கொட்டுங்கள்.

மூன்றாவது, உலர விடுங்கள். பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தை மாதத்தில் கொத்திவிட்டுக் கோடை முழுவதும் திறந்து வைத்தால் நல்ல பயன் கிடைக்கும்.

நான்காவது, சுண்ணாம்புப் பூச்சுப் பூசுங்கள். நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. சுவரைச் சற்றே நனைத்து, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசவேண்டும். சில நாள் ஈரச் சாக்கால் மூடி வைக்கவேண்டும். நீர்த்த சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. இது மெதுவாக நடக்கும் வினை, அவசரப்படக் கூடாது. மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

எச்சரிக்கை

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் ஊற்றினால் பெருவெப்பம் எழுந்து கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எனவே நீர்த்த சுண்ணாம்பையே வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

ஓதம் ஏறிய சுவரில் சுவிட்சுப் பலகை இருந்தால் அதைத் தொடாதீர்கள். உப்புக் கரைந்த நீர் நன்கு மின்சாரம் கடத்தும். மின்பணியாளர் வந்து பார்த்தபின்பே சுவரில் உளியை வைக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வீட்டில் இருப்பது நல்லது. சுவர் சாய்ந்தோ வயிறு தள்ளியோ இருந்தால் கொத்தவே கூடாது; பொறியாளரை அழையுங்கள்.

நெசவாளர் வீட்டில்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் குழித்தறி உள்ள வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் முக்கியமானது. தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் மண்ணின் ஈரம் முதலில் அங்கேதான் தெரியும். பட்டு ஈரத்தை விரும்பும் இழை. சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் உலர்ந்த பட்டு ஏறத்தாழ 11 கிராம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். ஓதம் மிகுந்த அறையில் இன்னும் மிகுதியாக ஏற்கும். தொட்டுப் பார்த்தால் நனைந்ததாகவே தோன்றாது. பாவின் விறைப்பு அதனால் மாறும். நூலையும் பாவையும் ஓதச் சுவரை விட்டு விலக்கி வைப்பது நன்று.

உங்கள் வீட்டில் அடுத்த முறை கொத்தனார் வரும்போது, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு சிமெண்டா, சுண்ணாம்பா என்று முடிவு செய்யலாம்.

சிந்திக்க:

1. நுண்புழையின் ஆரம் 0.05 மி.மீ. ஆனால் நீர் எவ்வளவு உயரம் ஏறும்?

2. கோடையில் ஓதத்தின் உயரம் குறைவது ஏன்?

3. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் சுவரில் ஈரம் ஏறுவதும் எவ்வகையில் ஒத்தவை?