நெருக்கடியும் முதலாளியின் உள்ளமும்



"வியாபாரத்தில் உணர்ச்சிக்கு இடமில்லை" என்று சொல்பவர்கள் நம் மத்தியில் பலர் உண்டு. கையிருப்பு, விலை, வட்டி, கடன் இவைதாம் ஒரு தொழிலை நடத்துகின்றன. பயமும் ஆசையும் கோபமும் வீட்டோடு நிற்க வேண்டியவை என்பது அவர்களுடைய எண்ணம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியையும் சாட்சிக்கு அழைப்பார்கள். பழமொழி உண்மையே. ஆனால் ஆத்திரம் வேண்டாம் என்று சொல்வது ஒன்று. உணர்ச்சியே இல்லாதவர்போல் நடிப்பது வேறொன்று.

தொழிலை நடத்துபவர் என்றதும் கொழும்பிலே பெரிய அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரை மட்டும் நினைக்க வேண்டாம். பேசாலையில் இரண்டு வள்ளங்களும் எட்டுத் தொழிலாளரும் வைத்திருக்கும் சம்மாட்டியும், வங்காலையில் கருவாடு போட்டு விற்கும் தாயும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரும் தொழில் தலைவர்களே. நெருக்கடி வரும்போது இவர்களுடைய உள்ளத்தில் எழும் உணர்ச்சிகள் தொழிலை எப்படிக் காக்கின்றன, எப்படிக் கெடுக்கின்றன என்பதை நமது கரையின் சரித்திரத்தைக் கொண்டே இவ்வாரம் ஆராய்வோம்.

பயத்தையும் கணக்கில் சேர்த்தவர்கள்

அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடலில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் இருக்கின்றன. முன்னாள்களில் முத்துக்குளிப்புக் காலத்தில் வெறுங் கரையிலே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலுமிருந்து மட்டுமன்றி அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து சேர்வார்கள். சுழியோடி ஒரு கல்லின் பாரத்தால் அடித்தளத்துக்கு இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்தால் உடனே இழுத்தெடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் பெரும் பயம் சுறாவைப் பற்றியது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட மந்திரக்காரர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆங்கில அரசாங்கம் மந்திரத்தை நம்பவில்லை. ஆயினும் அந்த மந்திரக்காரரைத் தன் செலவிலேயே வைத்திருந்தது! குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதை எழுதியிருக்கிறார். பரம்பரையாக வந்த அந்தப் பதவியை அக்காலத்தில் வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் சுழியோடிகளின் நம்பிக்கை சற்றும் குறையவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டுச் சிந்திக்கவும் வேண்டும். சுறாவால் நேர்ந்த விபத்துக்கள் உண்மையில் மிகச் சிலவே. இருந்தும், இறங்க மறுக்கும் ஒரு சுழியோடியால் வரும் நட்டம் சுறாவால் வரும் நட்டத்துக்குச் சளைத்ததல்ல. தொழிலாளரின் பயம் காரணமற்றதாக இருந்தாலும், அது கல்லைப்போல, கயிற்றைப்போல, தொழிலில் உள்ள ஒரு பொருளே என்பதை அந்த அதிகாரிகள் கண்டுகொண்டார்கள். அவர்களைப் பின்பற்றி நாம் மந்திரக்காரரைத் தேடத் தேவையில்லை. ஆனால் "பயப்படாதே, போ" என்று அதட்டுவதால் எந்தப் பயமும் நீங்கியதில்லை என்பதை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

ஆசை கணக்கின் வேஷம் போடும்போது

பயம் ஏழைத் தொழிலாளியை மட்டும் பிடிப்பதாக நினைத்தால், முதலாளியைப் பிடிக்கும் உணர்ச்சி எது? அநேகமாக அது ஆசையே. அது கணக்குப் புத்தகத்தைக் கையிலே ஏந்திக்கொண்டு வருவதால் அதை நாம் உணர்ச்சியென்று அடையாளங் காண்பதில்லை.

1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு என்றும் காணாத பெருவிளைவைத் தந்தது. முந்நூறுக்கும் அதிகமான வள்ளங்கள் கடலில் இறங்கின. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. சிப்பிகளை மூன்று குவியல்களாகப் பிரித்து, ஒன்றைச் சுழியோடிகளுக்குக் கொடுத்து, மற்ற இரண்டையும் மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடுவார்கள். மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வியாபாரி துணிந்து விலை ஏற்றினால் கூட்டமே ஏற்றும். ஒருவர் தயங்கினால் விலை விழும்.

அடுத்த ஆண்டே, 1906இல், லண்டனில் அமைக்கப்பட்ட ஒரு முத்துக்குளிப்புக் கம்பனி இந்தப் பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. வருடக் குத்தகை 3,10,000 ரூபா. 1905ஆம் ஆண்டின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது மலிவு என்றே தோன்றும். விஞ்ஞானிகளின் ஆலோசனையும் கம்பனிக்கு இருந்தது. 1902இல் பேராசிரியர் ஹேட்மன் இங்கு வந்து பார்களை ஆராய்ந்திருந்தார். இளஞ்சிப்பிகளை ஆபத்தான பார்களிலிருந்து நல்ல பார்களுக்கு மாற்றி வளர்க்கலாம் என்றும் கூறியிருந்தார்.

ஆனால் பழைய பதிவேடுகள் இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தன. 1838 முதல் 1854 வரை பதினேழு ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1892 முதல் 1902 வரை மறுபடியும் பதினொரு ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தன. பெருவிளைவுக்குப் பின் பெருவறட்சி என்பது இந்தக் கடலின் பழக்கம். 1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. 1908 முதல் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்பே கம்பனி கலைந்துபோயிற்று.

கம்பனியாரிடம் கணக்குத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். மகிழ்ச்சியான ஓர் ஆண்டின் நினைவு பதினேழு வெறும் ஆண்டுகளின் நினைவை மறைத்துவிட்டது என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. நல்ல பாடு கிடைத்த மறுநாளே இரண்டாவது வள்ளத்துக்குக் கடன் எடுக்கும் நம்மவருக்கும் இது அந்நியமான கதையன்று. நெருக்கடி வந்த நாளில்தான் நெருக்கடி தொடங்குகிறது என்று எண்ணுகிறோம். பல வேளைகளில் அது மகிழ்ச்சியான நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கோபமும் வெட்கமும்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா தொற்றுப் பரவி, சந்தை மூடப்பட்டது. மீனைத் தொடவே மக்கள் அஞ்சினார்கள். விலை சரிந்தது. கடற்றொழில் அமைச்சில் முன்னர் பொறுப்பு வகித்த திலிப் வெதஆராச்சி, அந்த நவம்பரில் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். உலகமெங்கும் அதைப் பார்த்து நகைத்தார்கள். ஆனால் வாங்குபவரின் பயத்தை அறிக்கை மட்டும் போக்காது, ஒருவர் முன்னே வந்து செய்து காட்ட வேண்டும் என்று அவர் கருதியதில் ஒரு நியாயம் இருந்தது.

அந்தப் புண் ஆறுமுன்னரே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. நம் பைபர் வள்ளங்களின் எஞ்சின்களுக்கு வேண்டிய மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அந்த நாள்களில் ஒரு சம்மாட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வள்ளம் கரையில் கிடக்கிறது. மீன் முதலாளியிடம் வாங்கிய முற்பணம் தலைக்கு மேல் நிற்கிறது. தொழிலாளர் வாசலில் வந்து, "அண்ணே, நாளைக்குத் தொழில் உண்டா?" என்று கேட்கிறார்கள். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கமே கோபமாக மாறி, "என்னைத் தின்னவா வந்தீர்கள்?" என்று வெளிப்படுகிறது. வந்தவர்கள் பேசாமல் திரும்புகிறார்கள். மண்ணெண்ணெய் மறுபடி கிடைக்கும்போது அவர்கள் வேறொருவருடைய வள்ளத்தில் ஏறியிருப்பார்கள்.

இவரைக் கெடுத்தது மண்ணெண்ணெய் மாத்திரமல்ல, சொல்லப்படாத ஓர் உண்மையுமே. "தம்பி, எனக்கும் தெரியாது. இருப்பது இவ்வளவு பணம், கடன் இவ்வளவு. வெள்ளிக்கிழமை மறுபடி இருந்து பேசுவோம்" என்று அவர் சொல்லியிருந்தால், பணம் கூடியிராது, ஆட்கள் கூட நின்றிருப்பார்கள்.

புயலில் ஒரு கைதி

நம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு கடற்பயணத்தை இங்கே நினைவூட்டலாம். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் கைதியாகக் கோதுமைக் கப்பலொன்றில் ரோமுக்குக் கொண்டு செல்லப்படுகிறார். பயணம் ஆபத்தானது என்று அவர் எச்சரித்தபோது, நூற்றுவர் தலைவன் மாலுமியையும் கப்பல் சொந்தக்காரரையுமே நம்பினான். புயல் பிடித்தது. பதினான்கு நாள்கள் ஒருவரும் சரியாக உண்ணவில்லை. கப்பலாட்கள் இரகசியமாகச் சிறு படகில் தப்பப் பார்த்தார்கள்.

அவ்வேளையில் சின்னப்பர் செய்ததைக் கவனியுங்கள். தாம் முன்னர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அந்தக் குறையிலேயே நின்றுவிடவில்லை. கப்பல் நட்டமாகும் என்பதை மறைக்கவில்லை. உயிர்கள் தப்பும் என்பதையும் சொன்னார். பின்னர் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, தாமே முதலில் உண்டார். அதைக் கண்டு 276 பேரும் தேறுதலடைந்து உண்டார்கள். வயிறு நிறைந்த பின்னரே கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலேசாக்கினார்கள். மனந்தேறியவர்களால்தான் நட்டத்தை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

நாம் கைக்கொள்ளக்கூடியவை

முதலாவது: நெருக்கடியில் ஒரு முடிவை எடுக்குமுன், "இப்போது என்னை ஆட்டுவது பயமா, ஆசையா, வெட்கமா?" என்று உங்களையே கேளுங்கள். பெயர் தெரிந்த உணர்ச்சியின் பலம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது: நல்ல பாடு கிடைத்த கிழமையிலும், பெரும் நட்டம் வந்த கிழமையிலும், புதுக் கடனுக்குக் கையொப்பமிட வேண்டாம். இரண்டிலும் மனம் சமநிலையில் இல்லை.

மூன்றாவது: உங்கள் கருத்துக்கு மாறாகப் பேசத் துணியும் ஒருவரை அருகில் வைத்திருங்கள். அவர் வயதான மண்டாடியாக இருக்கலாம். உங்கள் மனைவியாகவும் இருக்கலாம்.

நான்காவது: தொழிலாளரிடம் உண்மையான தொகையைச் சொல்லுங்கள். பங்கில் குறைக்க வேண்டுமானால் முதலில் உங்கள் பங்கில் குறையுங்கள்.

உணர்ச்சியற்றவராக இருப்பது தலைமைக்கு அழகன்று. கயிற்றைப் பிடித்து நின்றவருக்கும் பயம் இருந்திருக்கும். ஆயினும் அவர் கயிற்றை விடவில்லை. கையில் வந்த சிறு அசைவையும் உணர்ந்தார். ஆகவேதான் கீழே இருந்தவர் உயிரோடு மேலே வந்தார்.

சிந்தனைக்கு:

1. கடந்த நெருக்கடியில் உங்கள் வீட்டாரோ தொழிலாளரோ உங்களிடம் கேட்க அஞ்சிய கேள்வி எது?

2. உங்கள் சங்கத்தில் நட்டக் கணக்கு வெளிப்படையாகப் பேசப்படுகிறதா?

3. நல்ல நாள்களில் எடுத்த எந்த முடிவு இன்று உங்களுக்குச் சுமையாக இருக்கிறது?