கமிட்டிக் கிடங்கில் மூட்டை அடுக்கும் முன்

அறுத்த கையோடு விற்றால் விலை அடிமட்டத்தில்தான் இருக்கும். திண்டிவனம் பக்கம் நெல், மணிலா (வேர்க்கடலை), உளுந்து எதுவானாலும் இதே கதை. அதனால் மார்க்கெட் கமிட்டிக் கிடங்கில் இருப்பு வைக்கிறோம். அவசரத்துக்கு அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைக்கும். கெடு 180 நாள், ஆண்டு வட்டி 5 சதவீதம். கூரையும் காவலும் கிடங்குக்காரர் பொறுப்பு. ஈரம், கெடு, காகிதம் இந்த மூன்றும் நம் தலையில்.

செய்ய வேண்டியவை

• நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். இருப்பு வைக்கும் நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மணிலாவுக்கு 8, உளுந்துக்கு 10. ஈரத்தோடு அடுக்கிய மணிலாவில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

• ஈரப்பதமானியில் காட்டும் அளவைக் கண்ணால் பார்த்து, ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 17 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்த நெல், 14-க்குக் காய்ந்தால் 96.5 கிலோதான் நிற்கும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் எடை குறைந்தது என்று கிடங்கில் பாதிச் சண்டை நடக்கிறது.

• மணிலாவைத் தோலோடு வையுங்கள். உடைத்த பயறு சீக்கிரம் சிக்கடிக்கும்.

• காலிச் சாக்கை உதறி வெயிலில் போடுங்கள். உளுந்து வண்டு பழைய சாக்கிலேயே குடியிருக்கும்.

• அட்டி மரச்சட்டத்தின் மேல் ஏறியிருக்கிறதா, சுவரை ஒட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. வெறுந்தரையில் கிடக்கும் மூட்டை அப்படியொரு மழைக்குத் தாங்காது. காப்பீடு தீக்கு மட்டுமா, வெள்ளத்துக்கும் உண்டா என்றும் அன்றைக்கே கேளுங்கள்.

• விலை ஏறும் என்று காத்திருப்பதற்கும் செலவு உண்டு. ஒரு லட்சம் கடனுக்கு 180 நாள் வட்டி சுமார் 2,500 ரூபாய். மேற்கொண்டு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. எதிர்பார்க்கும் விலையேற்றம் இதைத் தாண்டுமா என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• வியாபாரியின் சரக்கை உங்கள் சிட்டாவில் வைக்க இடம் கொடுக்காதீர்கள். தெரிந்தவர்தானே, நூறு இருநூறு தருகிறாரே என்று தோன்றும். கடன் உங்கள் பெயரில் ஏறும். அவர் கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அடுத்த போகத்தில் உங்களுக்கே கடன் கிடைக்காமல் போகலாம். கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

• புது நெல்லையும் பழைய நெல்லையும் ஒரே மூட்டையில் கலக்காதீர்கள். மட்டமானதன் விலைதான் மொத்தத்துக்கும் விழும்.

• பூச்சிக்கு என்று செல்பாஸ் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு ஆளைக் கொல்லும். மருந்தடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வண்டு தெரிந்தால் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

• ரசீதை அடுத்தவரிடம் கொடுத்து வைக்காதீர்கள். தொலைந்தால் அன்றே தெரிவியுங்கள்.

• கெடு தேதியை மறந்துவிடாதீர்கள். கடனும் வாடகையும் நின்றுபோனால் சரக்கை ஏலம் போட்டு எடுத்துக்கொள்ளும் உரிமை கமிட்டிக்கு உண்டு. 150-ஆவது நாளே ஒரு நடை போய், அன்றைய விலையை விசாரித்து, விற்பதா மீட்பதா என்று முடிவெடுங்கள்.